உன் அடக்கத்தில் நின்றுபோன பாட்டு

என் செல்லத் தம்பி தாசுவுக்கு,

நேற்று மாலை உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்தது. திண்டிவனத்துக் கோயில் நிரம்பியிருந்தது. விழுப்புரத்திலிருந்து உன் ரயில்வே காலனிக் குழுவில் பத்தொன்பது பேருக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு டியூட்டி, இன்னொருவர் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் நீ முதலில் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்ன பாடினார்கள் என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஓராண்டில் உன் கல்லறைக்கு வந்தபோதெல்லாம் அது வாய்வரை வந்து திரும்பிப் போனது. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தாய். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தாய். ஞாயிற்றுக்கிழமை இங்கே பங்குக் கோயிலின் பாடகர் குழு. புதன்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு, அங்கே காலனிக் குழு. கோயில் குழு சாமிப் பாட்டு பாடும். காலனிக் குழுவில் எல்லா மதத்தாரும் இருந்ததால் மழை, பயிர், பொங்கல், வேலை, பிள்ளைகள் என்று எந்தச் சாமியின் பெயரும் வராத பாட்டாகப் பார்த்து எடுப்பாய். நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. எனக்குச் சுருதி நிற்காது. அதனால் மெட்டு உன்னுடையது, சொல் என்னுடையது என்று நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது.

காணிக்கைப் பாடல் ஒன்றுக்கு மெட்டுப் போட்டு என் சமையலறையில் நின்று பாடிக் காட்டினாயே, அது நினைவிருக்கிறதா? ‘என் மனம் தந்தேன்’ என்ற இடத்தில் ‘மனம்’ என்பதன் முதல் எழுத்திலேயே மெட்டு நீண்டு நின்றது. “டேய், இப்பிடி இழுத்தீன்னா மனம் போய் மானம் ஆயிடும். ஊரே மானத்தைத் தூக்கிக் காணிக்கையா போட்டுடும்” என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்குப் பிறகு குறில் நெடில் பார்க்காமல் ஒரு பாட்டையும் நீ குழுவுக்குக் கொண்டுபோனதில்லை.

நீ பாட்டுத் தேர்ந்தெடுக்கும் விதத்தை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்தேன். பாட்டு அழகாக இருக்கிறதா என்பதில் நீ தொடங்கமாட்டாய். “யாரு பாடப் போறாங்கக்கா?” என்பதில் தொடங்குவாய். கோயில் குழுவில் பெண்கள் நிறைய, ஆண்கள் நான்கு பேர்தான். கூடப் பாட ஊர் இருக்கிறது, ஆகவே பல்லவி சட்டென்று வாயில் வர வேண்டும், தாவி ஏறக் கூடாது. காலனியில் எட்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று சுண்டுவிரலால் தொடையில் தட்டிக்கொண்டே யோசிப்பாய். எனக்கு அது சில சமயம் எரிச்சலாக இருக்கும். நல்ல கவிதையை மூச்சுக்காக வெட்டுகிறாயே என்பேன்.

இப்படிப் பார்த்தும் தெரிந்தும் இருந்த நான்தான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

மருத்துவமனையில் ஐந்தாவது வாரம். ஈரலில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். உன் மனைவி அமலி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். நீ என்னைக் கிட்டே வரச் சொன்னாய்.

“அக்கா, அடக்கத்துக்குப் பாட்டு நீதான் எடுக்கணும்.”

“இப்ப இன்னாடா அந்தப் பேச்சு?”

“சொல்றத கேளு. அந்த நாலு குரல் பாட்டு வேணாம். ஊரே பாடற மாதிரி சின்னதா எதனா வை. குழு அழுவட்டும். அழுவறவங்களை நிக்க வெச்சி வேல வாங்காத.”

நான் தலையாட்டினேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்த நாலு குரல் பாட்டை நீ எட்டு மாதம் உழைத்து உருவாக்கினாய். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்காகச் செய்தது. பெண்களில் இரண்டு குரல், ஆண்களில் இரண்டு குரல் என்று பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போய்க் கடைசியில் நான்கும் ஒரே சொல்லில் வந்து சேரும். அதன் சொற்கள் என்னுடையவை. நீ இறந்த அன்று காலை, கீபோர்டு வாசிக்கும் ரெஜினா வீட்டுக்கு வந்தாள். இரவு டியூட்டி முடித்து நர்ஸ் உடையிலேயே வந்திருந்தாள்.

“டீச்சர், என்ன பாடணும்னு சாரு எதனா சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல” என்றேன். “அந்த நாலு குரல் பாட்டையே பாடிடுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் தாஸ்? இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அதிகாரிகள் வருவார்கள், சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், என் தம்பி சும்மா பாட்டு வாத்தியாராக இருந்துவிட்டுப் போகவில்லை என்று எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தேன். உனக்காக என்றுதான் அப்போது நம்பினேன். என் சொற்களையும் எல்லாரும் கேட்கட்டும் என்ற ஆசை அதில் இல்லவே இல்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

முதல் சரணம் வந்தது. இரண்டாவதில் மேல்குரல் ஏற வேண்டிய இடம். ஒரு பெண் நிறுத்தினாள், பக்கத்தில் இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். மேல்குரல் போனதும் மற்றவர்களுக்குப் பிடிமானம் போயிற்று. ரெஜினா இன்னும் நான்கு வரி தனியாக வாசித்துப் பார்த்தாள். யாரும் வந்து சேரவில்லை. அவளும் கையை எடுத்துவிட்டாள்.

கோயில் முழுக்கப் பாடத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தப் பாட்டு குழுவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஒரு சின்னப் பல்லவி இருந்திருந்தால் ஊர் எடுத்துக்கொண்டு போயிருக்கும். பின்வரிசையில் உன் காலனிக் குழு வாயை மூடிக்கொண்டு நின்றது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பாட வைத்தவனை ஒரு பாட்டும் இல்லாமல் வெளியே தூக்கிப் போனோம்.

அதன் பிறகு கோயில் குழு மெல்லக் கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் இரண்டு பேர் குறைந்தார்கள். கேட்டால் உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

நீ போய்ப் பத்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் காலனிக் குழுவிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் முனுசாமி, தண்டவாளப் பராமரிப்பில் இருப்பவர், பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரர். உன் குழுவிலேயே ஆழமான அடிக்குரல் அவருடையதுதான் என்று சொல்வாயே, அவர். இன்னொருவர் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் ரஸியா. பை நிறைய மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார் முனுசாமி.

“வருசம் வருது இல்ல டீச்சர். சாருக்கு நாங்க பாடணும். அன்னிக்கு வந்துட்டு சும்மா நின்னுட்டுப் போனது எங்களுக்கு ஒரு மாதிரி இருக்குது.”

ரஸியா தயங்கினாள். பிறகு நேராகவே சொன்னாள். “தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். நான் உங்க சாமி பேரு சொல்லிப் பாட மாட்டேன். பாடுனா அது பொய்யா இருக்கும். சாரும் ஒரு நாளும் என்னை அப்பிடிப் பாடச் சொன்னதில்ல. ஆனா அவருக்குப் பாடணும்.”

“எனக்கு எந்தச் சாமின்னாலும் பரவால்ல” என்றார் முனுசாமி. “உசரம் போனாதான் பேஜாரு.”

அவர்கள் போன பிறகு மல்லாட்டைத் தோலைப் பெருக்கிக்கொண்டே யோசித்தேன். ஒருவருக்கு எல்லை தொண்டையில் இருக்கிறது, ஒருவருக்கு நம்பிக்கையில் இருக்கிறது. இரண்டையும் நீ எந்த நோட்டிலும் எழுதாமல் எப்படி நினைவில் வைத்திருந்தாய்?

பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டேன். “பூசைக்குள்ள வழிபாட்டுப் பாட்டுதான் டீச்சர், அதை மாத்த முடியாது” என்றார். நான் எழுந்துகொள்ளப் போனேன். “இருங்க. பூசை முடிஞ்சு எல்லாரும் கல்லறைக்குப் போவோம் இல்ல? நான் கல்லறையை மந்திரிச்சு முடிச்சதும் அவங்க பாடட்டும். அங்க அவங்களுக்குப் பிடிச்சதைப் பாடட்டும்.”

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாட்டு எழுதினேன். பதினாறு வரி, எதுகை மோனையோடு, சாமி பெயர் இல்லாமல், பிரிவைப் பற்றி. உன் பழைய மெட்டு ஒன்றில் அதைப் பொருத்தி, புதன்கிழமை பள்ளி முடிந்ததும் ரயிலேறி விழுப்புரம் போனேன். இத்தனை மாதம் ஆகியும் நான் திருந்தவில்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. வரிகள் நீளம். நடுவில் மூச்சு வாங்க இடமில்லை. முனுசாமி மூன்றாம் வரியிலேயே பின்தங்கினார். யாரும் குறை சொல்லவில்லை. ‘டீச்சர் எழுதியிருக்காங்க’ என்று மரியாதையாகத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். “நீங்களே சொல்லுங்க. சாரு சொல்லிக்குடுத்ததுல உங்களுக்கு எது வாகா வருது?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஸியாதான் பேசினாள். “தண்டவாளப் பாட்டு இருக்குது. அதைப் போயி கல்லறையில பாடறதான்னுதான்…”

முனுசாமி விளக்கினார். ரயில் தண்டவாளத்தைக் கையால் தூக்கி மாற்றும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பலம் கொடுக்க வேண்டும். ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே தூக்குவார்கள். “சாரு லைன் பக்கம் வரும்போது கேட்டுக்கினே நிப்பாரு. அப்புறம் அதையே மூணு குரலா பிரிச்சி மே தினத்துக்குன்னு சொல்லிக்குடுத்தாரு. அதுக்குள்ள அட்மிட் ஆயிட்டாரு.”

“பாடுங்க” என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கினார்.

“சேர்ந்து பிடி.”

“பிடிச்சாச்சு” என்றது குழு.

“நெதானமா தூக்கு.”

“தூக்கியாச்சு.”

இது ஒரு பாட்டா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு காது கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மூச்சுக்கு இடம் இருந்தது. ஒரு குறில்கூட நெடிலாகவில்லை. அடியில் முனுசாமியின் குரல், அதன்மேல் ஆண்கள், அதற்கும் மேலே அலுங்காமல் பெண்கள். ரஸியா கண்ணைத் திறந்துகொண்டு, எதையும் விழுங்காமல், முழுக் குரலில் பாடினாள். வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். வேறெதிலும் நான் கை வைக்கவில்லை.

இனி கோயில் குழு. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ரெஜினா ஏற்கெனவே பழைய ஆட்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். அந்த நாலு குரல் பாட்டைத்தான் மறுபடி பாட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

“அன்னிக்கு உடைஞ்சிடுச்சு டீச்சர். இந்த வாட்டி சரியா பாடிக் காட்டணும். ஒரே ஒரு தடவை. இல்லன்னா அது எங்க நெஞ்சுலயே நின்னுடும்.”

அவள் முகத்தைப் பார்த்து என்னால் இனியும் மறைக்க முடியவில்லை. மருத்துவமனையில் நீ சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டபோது நான் பொய் சொன்னதையும் சொன்னேன்.

ரெஜினா கீபோர்டின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றாள். “இவ்ளோ நாளா எங்க மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தோம் டீச்சர்” என்றாள். “அந்தோணியம்மா இனிமே பாடவே மாட்டேன்னு சொல்லிட்டாங்க. முதல்ல நிறுத்துனது அவங்கதான்னு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அந்தோணியம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவரிடமும் சொன்னேன். அவர் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டுச் சலிப்பதைத் தொடர்ந்தார். “எத்தினி மணிக்கு பிராக்டீஸ்?” என்று மட்டும் கேட்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பயிற்சிக்கு வந்தார்.

நாலு குரல் பாட்டைப் பற்றி நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். அது உயிர்ப்புக்கென்று நீ செய்தது, அதை உயிர்ப்பு ஞாயிறுக்கே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நினைவுத் திருப்பலிக்கு ஊருக்குத் தெரிந்த மூன்று சின்னப் பாட்டுகள். ரெஜினா சுருதியை ஒரு கட்டை இறக்கி வாசித்தாள். அந்தப் பட்டியலில் என் வரி ஒன்றுகூட இல்லை.

நேற்று பல்லவியைக் குழு ஒருமுறை பாடியதும் ஊர் எடுத்துக்கொண்டது. நற்கருணை வாங்கும் திருவிருந்து நேரத்தில் அந்தோணியம்மா பாட முடியாமல் நிறுத்தினார். யாருக்கும் அது தெரியவில்லை, பாட்டு அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு வரி கழித்து அவரே வந்து சேர்ந்துகொண்டார். நீ மருத்துவமனையில் கேட்டது இதைத்தானே?

பிறகு கல்லறைக்கு வந்தோம். வெயில் தணிந்திருந்தது. பங்குத் தந்தை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, தூபம் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். முனுசாமி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உன் தலைமாட்டுக்கு வந்தார்.

“சேர்ந்து பிடி” என்று தொடங்கினார்.

சென்னைச் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நம் சித்தப்பா மகன் என் காதருகே வந்து, “இன்னாக்கா இது, இங்க வந்து?” என்று கேட்டான். நாலாவது முறை பதில் வந்தபோது அது பதினேழு பேரின் குரல் இல்லை. கோயில் குழுப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள், ஊரும் சேர்ந்திருந்தது. கடைசி வரி வந்தது.

“பார்த்து இறக்கு.”

“இறக்கியாச்சு.”



எல்லாரும் கலைந்த பிறகு நானும் அமலியும் மட்டும் நின்றோம். நீ போன நாளிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. வேலை பார்க்கும் பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், பிள்ளைகளுக்குச் செய்கிறாள். அவளிடம்தான் நான் இன்னும் சொல்லாமல் இருந்தேன். சொன்னேன். “உன் புருஷன் கேட்டதை நான் செய்யல, உங்கிட்டயும் மறைச்சிட்டேன்” என்றேன்.

அவள் மெழுகுவத்திகளைக் காற்று அணைக்காமல் நெருக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

“அன்னிக்குக் காலையிலேர்ந்து யாரோ ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாடிக்கினும், ஜெபம் சொல்லிக்கினும் இருந்தாங்க அண்ணி. எனக்குள்ள ஒண்ணுமே வரல. கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். பாட்டு நின்னுதே, அப்ப கோயிலே கப்சிப்னு ஆச்சு. அப்பதான் அவரு இல்லன்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பதான் அழுதேன்.” கடைசி மெழுகுவத்தியையும் நெருக்கி வைத்துவிட்டு, “அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்துது அண்ணி” என்றாள்.

ஓராண்டாக நான் வெட்கப்பட்ட அந்த நேரத்தை அவள் ஓராண்டாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். இதனால் என் பொய் பொய்யில்லை என்று ஆகிவிடாது. அந்தோணியம்மாவின் பத்து மாதமும் திரும்பி வராது. உன்னிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும், நீயும் நானும் இத்தனை ஆண்டு பாட்டுத் தேர்ந்தெடுத்தோமே, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது பாட்டே வேண்டாம் என்று ஒரு நாளாவது யோசித்தோமா?

ரெஜினா என்னைக் குழுவில் இருக்கச் சொல்கிறாள், பாடுவதற்கு இல்லை, பாட்டு எடுத்துக் கொடுப்பதற்கு. காலனிக் குழு பொங்கலுக்கு இப்போதே கேட்கிறது. புதன்கிழமை விழுப்புரம் போகிறேன். கையில் தாள் எதுவும் கொண்டுபோகப் போவதில்லை.

தாஸ், உனக்கு ஒன்று உறுதி சொல்கிறேன். இனி எந்த அடக்கத்துக்கு என்னைப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும், இறந்தவர் என்ன கேட்டார் என்பதை முதல் வரியில் எழுதுவேன். இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு வரியைக் காலியாக விடுவேன். யாரும் பாடாத அந்த நேரத்தில் கீபோர்டும் வேண்டாம் என்று ரெஜினாவிடம் சொல்லிவிடுவேன். எங்கோ முன்வரிசையில் ஓர் அமலி உட்கார்ந்திருப்பாள்.

உன் சொல்லை ஒருமுறை மீறிய,
உன் கூடப் பிறந்த அக்கா,
செலின்